தானே வந்து சேர்ந்தவர்

4-3-2025, செவ்வாய்க்கிழமை

மருமகளுக்கு,

மார்ச் முதல் தேதி சனிக்கிழமை மாலை தொலைபேசியில் நமக்குள் நடந்ததைப் பேச்சு என்று சொல்ல முடியாது. “இனிமே இதப் பத்தி போன்ல வேணாம் மாமா, எழுதுங்க” என்று சொல்லி வைத்துவிட்டாய். எழுதுகிறேன். எழுத்தில் குரலை உயர்த்த முடியாது என்பது ஒன்றே இதில் உள்ள வசதி.

என் மகனைப் பிப்ரவரி 27, வியாழக்கிழமை அன்று மனநலப் பிரிவில் சேர்த்திருக்கிறாய். தகவல் எனக்கு வந்ததோ சனிக்கிழமை. இடையில் வெள்ளிக்கிழமை என்று ஒரு நாள் முழுதாக இருந்தது. அந்த நாளில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் புறப்பட்டு வந்து தடுத்திருப்பேன். அதனால்தான் சொல்லவில்லை என்கிறாய். உன் நேர்மையைப் பாராட்டுகிறேன். செயலைப் பாராட்ட முடியவில்லை.

நான் யார் என்பதை மறந்துவிட்டாய் போலிருக்கிறது. 1975 முதல் 2009 வரை இந்த ஊரின் பெரிய மனநல மருத்துவமனையில் சேர்க்கைப் பிரிவில் வேலை பார்த்தவன். வருகிறவரின் பெயர், வயது, கொண்டுவந்தவர் யார், அவர் என்ன உறவு ஆகியவற்றை எழுதுவதே என் வேலை. கொண்டுவந்தவர்கள் திரும்பிப் பார்க்காமல் நடந்து போவது என் மேசையிலிருந்து நன்றாகத் தெரியும். முதல் மூன்று மாதங்கள் யாராவது விடாமல் வந்து பார்த்தால் அந்த ஆள் வீடு திரும்புவார். வரவில்லையென்றால் அங்கேயே நரைப்பார். இது நான் படித்துச் சொல்வதன்று, பார்த்துச் சொல்வது. எனக்குப் பயம் நோயிடம் இல்லை, சேர்க்கையிடம்.

ஆகவே கேட்கிறேன். கையெழுத்துப் போட்டது யார்? அவன் உடுத்தியிருப்பது சொந்த உடையா, அவர்கள் கொடுத்ததா? பார்வை நேரம் எத்தனை மணிக்கு? ஒரு நாள்கூடத் தவறாமல் போகிறாயா?

இங்ஙனம்,
உன் மாமனார்


மார்ச் 8

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தில் தேதி ஐந்து இடத்தில் இருக்கிறது. “எப்படி இருக்கிறான்” என்ற கேள்வி ஓர் இடத்திலும் இல்லை. மேலே “அன்புள்ள” என்ற சொல்லையும் காணவில்லை. தபாலில் எங்காவது உதிர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்கிறேன்.

நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். ஜனவரியிலிருந்தே அவர் சரியில்லை. பல் செட் செய்யும் பட்டறையைக் காலையில் திறப்பார், விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருப்பார். அச்சு எடுத்த மாவு காய்ந்து வெடித்துக் கிடக்கும். வாடிக்கையாளர்கள் பொக்கை வாயோடு வந்து வீட்டில் என்னிடம் கேட்டுவிட்டுப் போவார்கள். சாப்பாடு பாதியாயிற்று, அப்புறம் அதுவும் இல்லை. கடைசியில் ஒருநாள், “நான் இல்லாட்டி உங்களுக்குக் கொஞ்சம் லேசா இருக்கும்ல?” என்று, ஏதோ கணக்குக் கேட்பதுபோல நிதானமாகக் கேட்டார். அந்த நிதானம்தான் என்னை நடுங்க வைத்தது. “டாக்டர்கிட்டப் போலாமா?” என்றேன். “போலாம்” என்றார். கையெழுத்துப் போட்டது அவர்தான், மாமா. நான் பக்கத்தில் நின்றேன், அவ்வளவே.

நீங்கள் நினைக்கிற மாதிரி மதில் எதுவும் இங்கே கிடையாது. பொது மருத்துவமனையின் நான்காவது மாடி. லிஃப்ட்டை விட்டு இறங்கினால் இடப்பக்கம் கண் சிகிச்சை, வலப்பக்கம் இது. கண்ணுக்கு வந்தவர்கள் வழி தவறி இங்கே வந்து வரிசையில் நிற்கிறார்கள். உடை அவருடையதுதான். சவரக் கத்தியையும் இடுப்பு வாரையும் மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். நான் பார்க்கிற வேலை ஓட்டல் சலவைப் பிரிவில் என்பதால் விரிப்பைத்தான் முதலில் தொட்டுப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது.

கூட இருப்பவர்களையும் சொல்கிறேன். கல்லூரி மாணவி ஒருத்தி. கைக்குழந்தையோடு ஒரு பெண். பிரசவமான மூன்றாவது வாரம் வந்தாளாம். ஒரு வங்கி அதிகாரி. பார்சல் கொண்டு போய்க் கொடுக்கிற ஒருவர். பாதிப் பேர் என்னைவிடச் சின்னவர்கள். பத்து, பதினைந்து நாளில் போய்விடுகிறார்கள். சிலர் சில மாதம் கழித்துத் திரும்ப வருகிறார்கள், பழைய ஓட்டலுக்கு வருவதுபோல நர்ஸ்களை அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டு.

பார்சல்காரர் இவரிடம், “பல்லுக்காரரே, ஒரு கடைவாய்ப் பல்லு கட்டித் தருவீங்களா?” என்றார். இவர், “இருங்க, என் மண்டையக் கழட்டி ரிப்பேருக்குக் குடுத்திருக்கேன், வந்ததும் பாக்கலாம்” என்றார். இரண்டு மாதத்தில் அவர் சொன்ன முதல் வேடிக்கை. நான் வராந்தாவுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

டாக்டரம்மா என்னைத் தினமும் வர வேண்டாம் என்கிறார். நான் போனால் இவர் எனக்காக நிமிர்ந்து உட்கார்ந்து நன்றாக இருப்பதுபோல நடிக்கிறார், நான் திரும்பிய பிறகு துவண்டுவிடுகிறார் என்கிறார். அதனால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போகிறேன். பேத்தி நலம்.

உங்கள் மருமகள்


11-3-2025, செவ்வாய்க்கிழமை

மருமகளுக்கு,

உன் மார்ச் 8 தேதியிட்ட கடிதம் நேற்று, 10ஆம் தேதி, பிற்பகல் வந்தது. மூன்று முறை படித்தேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போகிறேன் என்ற வரியில் மூன்று முறையும் நின்றேன்.

எல்லாருமே அப்படித்தான் தொடங்கினார்கள், அம்மா. முதலில் தினமும், பிறகு ஒன்றுவிட்டு ஒரு நாள், பிறகு ஞாயிறு மட்டும். பிறகு, விசேஷத்துக்கு ஊருக்குப் போனோம், வர முடியவில்லை என்பார்கள். என் அறையில் காரணம் கேட்க யாரும் இல்லை. இருந்தாலும் எல்லாரும் காரணம் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். வாத்தியார் ஒருவர் இருந்தார். மனைவி வருவாள் என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் தலை வாரிக்கொள்வார். நான் ஓய்வுபெற்ற அன்றும் வாரிக்கொண்டிருந்தார்.

பத்து நாள் என்கிறாய். சேருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள், தங்கும் நாட்கள் குறைந்திருக்கின்றன என்று செய்தித்தாளிலும் படித்தேன். எனக்கு அது ஆறுதலாக இல்லை. எங்கள் காலத்தில் பத்து நாளில் மனிதர் தம் பெயரையே சொல்லியிருக்க மாட்டார். பத்து நாளில் அனுப்பிவிட்டுத் திரும்பச் சேர்ப்பதற்கு என்ன பெயர்? இளம் பிள்ளைகள் தாமாகவே வருகிறார்களாம். தாமாக வருகிற இடமா அது? கயிற்றில் கட்டிக் கொண்டுவருவார்கள், காவல் வண்டியில் கொண்டுவருவார்கள், கோயிலுக்குப் போகலாம் என்று பொய் சொல்லிக் கொண்டுவருவார்கள்.

ஆகவே நான் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன். அந்தப் பிரிவின் தலைமை மருத்துவருக்கு இன்று காலை பதிவுத் தபாலில் விண்ணப்பம் அனுப்பியிருக்கிறேன். மனைவி கேட்டால் விடமாட்டார்கள்; தகப்பனோ உடன்பிறந்தவனோ எழுத வேண்டும். அதற்கென்று ஒரு வாசகம் உண்டு. எழுதத் தெரியாமல் எங்கள் வாசலில் நின்றவர்களுக்கெல்லாம் நானே சொல்லிக்கொடுத்த வாசகம்: “மேற்படி நபர் தன்னைப் பற்றி முடிவெடுக்கும் நிலையில் இல்லாதபடியால், அவரை என் பொறுப்பில் ஒப்படைக்குமாறு வேண்டுகிறேன்.” இந்த வரி இல்லாத விண்ணப்பத்தை எந்த அலுவலகத்திலும் தொட மாட்டார்கள். ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதியிருக்கிறேன்.

விரைவில் அவன் என்னிடம் வந்துவிடுவான். நீ கவலைப்படாதே.

இங்ஙனம்,
உன் மாமனார்


மார்ச் 17

மாமா,

உங்கள் விண்ணப்பம் வியாழக்கிழமை வந்தது. இந்தக் காலத்தில் அதை என்ன செய்வார்கள் தெரியுமா? யாரைப் பற்றி வந்ததோ அவர் கையில் கொடுப்பார்கள். டாக்டரம்மா அப்படித்தான் கொடுத்தார். “உங்களப் பத்தி ஒரு லெட்டர் வந்திருக்கு. உங்களுக்குத் தெரியாம இதுக்கு நான் பதில் எழுத மாட்டேன். படிங்க” என்றாராம்.

அன்று நான் போகிற நாள். போனபோது அவர் கட்டிலில் உட்கார்ந்து துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். “என்னங்க?” என்றேன். தாளை நீட்டினார்.

“எங்கப்பா ஆயிரம் பேருக்கு இத எழுதிக் குடுத்தவரு. ராத்திரி சாப்புடும்போது மனப்பாடமா சொல்லுவாரு. சின்ன வயசுலயே எனக்கு இது தெரியும். இப்ப நானும் மேற்படி நபர் ஆயிட்டேன்.”

டாக்டரம்மா, “மருந்து இப்பதான் பிடிக்க ஆரம்பிக்குது, இன்னும் ஒரு வாரம் இருங்க” என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். “நான் இங்க இருந்தா அவருக்கு அவமானமா இருக்கு மேடம்” என்று இவர் சொல்லிவிட்டு, வெள்ளிக்கிழமை என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டார். தடுக்க யாருக்கும் உரிமை இல்லை. சேர்ந்தது அவர் இஷ்டம், போவதும் அவர் இஷ்டம். நீங்கள் பூட்டை உடைக்க ஆள் அனுப்பினீர்கள். அங்கே பூட்டே இல்லை, மாமா.

இப்போது சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். உங்களிடம் வர மாட்டாராம்.

நீங்கள் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் எழுதினீர்கள், எனக்குத் தெரியும். தெரிவதால்தான் இந்தக் கோபம் இறங்க மாட்டேன் என்கிறது. கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் ஒரே மூச்சில் திட்டித் தீர்த்திருப்பேன்.


21-3-2025, வெள்ளிக்கிழமை

அன்புள்ள மருமகளுக்கு,

இது நான்காவது தாள். முதல் மூன்றில் அந்த வாசகம் என்னுடையதன்று, அலுவலக வாசகம் என்று விளக்கியிருந்தேன். விளக்கம் சரியாகத்தான் இருந்தது. இருந்தும் கிழித்துவிட்டேன்.

எங்கள் காலத்தில் உள்ளே இருப்பவர்களைப் பற்றி வரும் தபாலை அவர்களிடம் காட்டும் வழக்கம் இல்லை. அதைப் படிக்கிற கண்கள் அவனுடையவையாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. இதை நியாயம் என்று சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

மாத்திரைகளை நிறுத்தாமல் சாப்பிடுகிறானா? ஏதேனும் உட்கொள்கிறானா? பட்டறைச் சாவி உன்னிடம் இருக்கட்டும்.

வேறொன்று. அவன் செய்து கொடுத்த கீழ்ப் பல் செட் இடப்பக்க ஈறில் உரசுகிறது. இங்கே பல் வைத்தியர்கள் இருவர் இருக்கிறார்கள். அவர்களிடம் வாயைத் திறக்கும் உத்தேசம் இல்லை. அவனுக்கு எப்போது முடிகிறதோ அப்போது போதும், அவசரமில்லை என்று சொல். சொல்லாமல் விட்டாலும் சரி.

அன்புடன்,
மாமா


மே 12

அன்புள்ள மாமாவுக்கு,

இதை அவரிடமே கொடுத்தனுப்புகிறேன். உறையை ஒட்டவில்லை. அவரும் படித்துவிட்டார். இனிமேல் அவரைப் பற்றி நாம் எழுதிக்கொள்வது எல்லாம் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

இத்தனை நாள் எழுதாததற்குக் கோபம் பாதி, வேலை பாதி. உங்கள் மார்ச் கடிதத்தை அப்போதே படித்துக் காட்டினேன். பல் செட் விஷயம் வந்ததும், “என்னைத் திட்டிப் பல்லைக் கடிச்சிருப்பாரு, அதான் உரசுது” என்றார். மறுநாள் முகம் கழுவி, கொஞ்சம் சாப்பிட்டார். ஏப்ரலில் பட்டறைக்கு அரை நாள் போனார். நன்றாகத்தான் இருந்தது. நானும் நம்பிவிட்டேன்.

போன வாரம் சாப்பிட்டுக்கொண்டே இருந்தவர் கையை எடுத்துவிட்டு, “எனக்குத் திரும்ப வருது. போன தடவ ரொம்ப லேட்டாச் சொன்னேன். இந்தத் தடவ முன்னாடியே சொல்றேன். என்னைச் சேத்துடச் சொல்லு” என்றார். பயந்துவிட்டேன். இருந்தாலும் பயத்துக்கு நடுவில் ஒரு தைரியம் வந்தது, மாமா. ஜனவரியில் இருட்டில் உட்கார்ந்திருந்தவர் இப்போது வெளிச்சத்தில் உட்கார்ந்து தன் வாயால் சொல்கிறார்.

நான்காவது மாடியில் இடமில்லை. எல்லாக் கட்டிலிலும் ஆள். பாதிக்கு மேல் இருபத்தைந்து வயதைத் தாண்டாதவர்கள். டாக்டரம்மாவே அங்கலாய்த்துக்கொண்டார். இடம் இருக்கும் மருத்துவமனை என்று அவர் எழுதிக்கொடுத்த பெயரைப் பார்த்ததும் நான் இவர் முகத்தைப் பார்த்தேன். உங்கள் மருத்துவமனை. தாளை வாங்கி இரண்டு முறை படித்தார். அப்புறம், “சரி, அப்பா இருக்காரு” என்றார்.

பேத்திக்கு நான்கு நாளாகக் காய்ச்சல். விட்டுவிட்டு வர முடியவில்லை. அவர் தனியாகப் பேருந்து ஏறுகிறார். இறங்கியதும் எனக்குச் சொல்வார்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவருக்காக நீங்கள் முடிவெடுக்காதீர்கள். கூடப் போங்கள்.

உங்கள் மருமகள்


15-5-2025, வியாழக்கிழமை

அன்புள்ள மருமகளுக்கு,

அவன் உன்னோடு பேசியிருப்பான். நான் பேசினால் இரண்டு வார்த்தைக்கு மேல் வராது என்பதால் எழுதுகிறேன்.

13ஆம் தேதி செவ்வாய்க்கிழமை காலை வந்தான். பையைக் கீழே வைத்தான். “எப்படிப்பா இருக்கீங்க” என்று கேட்கவில்லை. “வாயத் தொறங்க” என்றான். சன்னல் ஓரம் உட்கார வைத்து, செட்டைக் கழற்றி, விரலால் ஈறைத் தடவிப் பார்த்து, பையிலிருந்து அரத்தை எடுத்தான். தேய்க்கப் போனவன் நின்றான். அவன் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அரிசியளவு மெழுகில் பல் செதுக்குகிற கை. அரத்தை மேசைமேல் வைத்துவிட்டு, “முடியலப்பா” என்றான்.

பல் இல்லாத வாயோடு நான் என்ன அதட்ட முடியும்? இருந்தும் முயன்றேன். “இங்கயே இரு. நான் சமைச்சுப் போடறேன். யாருக்கும் தெரிய வேணாம்” என்றேன்.

“யாருக்கும் தெரியாம இருக்கறதுக்கு நான் வரலப்பா. நாளைக்கு அங்க போறேன். கூட வருவீங்களா, அத மட்டும் சொல்லுங்க.”

பதில் சொல்ல எனக்கு மாலை வரை பிடித்தது. அவன் அவசரப்படுத்தவில்லை. நீ எழுதிய கடிதம் மேசைமேல் திறந்தே கிடந்தது.

14ஆம் தேதி காலை போனோம். முன்பக்க மதிலை இடித்துக் கம்பி வேலி போட்டிருக்கிறார்கள். சாலையில் போகிறவர்களுக்கு உள்ளே இருக்கும் மரங்கள் தெரிகின்றன. என் அறையில் இப்போது மருந்து கொடுக்கிறார்கள். சேர்க்கை ஒரு பெரிய கூடத்தில் நடக்கிறது. முதுகுப் பையோடு பிள்ளைகள். கட்டப்பட்ட கை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. ஒரு பெண் பிள்ளை தன் தாயாரின் முதுகைத் தடவி, “அழாதம்மா, பத்து நாள்தான்” என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள். சேரப் போகிறவள் அவள்தான்.

கணினி முன் இருந்த பெண்மணி, “யாரு சேரப் போறீங்க?” என்று கேட்டார். நாங்கள் “யாரைச் சேர்க்கணும்?” என்று கேட்போம். அவன், “நான்தான்” என்றான். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“நீங்க சார்?”

“நான் இங்கே 1975 முதல் 2009 வரை சேர்க்கைப் பிரிவில்...”

“அய்யோ, அது கேக்கல சார். இவருக்கு நீங்க என்ன வேணும்?”

“அப்பா.”

வேறு எதுவும் கேட்கவில்லை. நானே கேட்டேன், கொண்டுவந்தவர் யார் என்று எழுதும் வழக்கம் இப்போது இல்லையா என்று. “இருக்கு சார். இவருக்குத் தானே வந்தாருன்னு போட்டுட்டேன். இப்பப் பாதிப் பேரு அப்படித்தானே வர்றாங்க” என்றார். என் பணிக்காலத்தில் தானே வந்தவர் என்று எழுதியதாக ஒருவர்தாம் நினைவுக்கு வருகிறார். அவரும் மழைக்கு ஒதுங்கியவர் என்று மறுநாள் தெரிந்தது. இதைச் சொன்னபோது அந்தப் பெண்மணி வாய்விட்டுச் சிரித்தார். என் மகன் உதட்டோரம் சிரித்தான்.

கட்டில் கிடைத்தது. நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அமர்ந்தேன். இரவும் இருக்கும் எண்ணத்தில் போர்வை கொண்டுபோயிருந்தேன். செவிலியர், இருக்கலாம், இருக்காவிட்டாலும் பாதகமில்லை, அவரே சொல்லட்டும் என்றார். அவன் சொன்னான்:

“நீங்க வீட்டுக்குப் போங்கப்பா. நாளைக்கு வாங்க. நாளன்னைக்கு முடியலன்னா வராதீங்க. நீங்க வராட்டியும் நான் வெளிய வந்துடுவேன்.”

அந்தக் கடைசி வரியை அவன் எதற்குச் சொன்னான் என்று உனக்கு விளக்க வேண்டியதில்லை. நான் எழுந்தேன். போர்வையை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். அங்கிருந்து சாலை வரைக்கும் நேர்வழி. நடுவில் திருப்பம் இல்லை. திரும்பிப் பார்க்காமல் போகிறார்களே என்று எத்தனையோ தகப்பன்களைப் பற்றி நினைத்திருக்கிறேன். திரும்பினால் போக முடியாது என்பது நேற்றுத்தான் தெரிந்தது.

இன்று காலை போனபோது அவன் தூங்கிக்கொண்டிருந்தான். வாய் சற்றுத் திறந்திருந்தது, சிறுவயதில் போல. நன்றாகத் தூங்கினார் என்று செவிலியர் சொன்னார். எழுப்பவில்லை. வெறும் வயிற்றில் மாத்திரை கொடுக்கக் கூடாதாம், “காலைல என்ன விரும்பிச் சாப்பிடுவாரு சார்?” என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. அவன் பிறந்த நாள், நேரம், பள்ளியில் சேர்ந்த தேதி, பட்டறை தொடங்கிய தேதி எல்லாம் சொல்லியிருப்பேன். அவர் அவற்றைக் கேட்கவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மறு தபாலில் எழுது. காலையில் அவன் என்ன சாப்பிடுவான்? தேநீருக்குச் சர்க்கரை எவ்வளவு?

அன்புடன்,
மாமா


மே 17

அன்புள்ள மாமாவுக்கு,

காய்ச்சல் விட்டுவிட்டது. செவ்வாய்க்கிழமை பேத்தியும் நானும் வருகிறோம். இந்தத் தாள் உங்கள் கைக்கு வருவதற்குள் இன்னும் இரண்டு மூன்று காலை போயிருக்கும். எனக்காகக் காத்திருக்காதீர்கள்.

அவரையே கேளுங்கள், மாமா. சொல்லுவார்.

உங்கள் மருமகள்